பனிமலையிற் பொற்குரங்கு கண்ட அடிகளார்

குரங்கு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது வெப்பநாட்டுக் காடே. மாவும் பலாவும் பழுத்துத் தொங்கும் சோலையிலே கடுவனும் மந்தியும் தம் பார்ப்பினைத் தழுவிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவும் காட்சியையே நம் பழம்புலவர் நமக்குக் காட்டிச் சென்றனர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றனைக் கூறி, அவற்றின் பெண்பாற்கு மந்தி என்னும் பெயர் உரியதென வரையறுக்கின்றது. இவையெல்லாம் நம் நாட்டு மலைச்சாரலில் மழையும் வெயிலும் அறிந்தனவேயன்றி, மாதக்கணக்கில் வெண்பனி மூடிக் கிடக்கும் காட்டினை அறிந்தன அல்ல. ஆயின், மரக்கிளையெல்லாம் பனிச்சுமையால் வளையும் மலைமுகட்டில், கனியும் தளிரும் இல்லாத காலத்திலும், கூட்டங்கூட்டமாய் வாழும் குரங்கினமும் உலகில் உண்டு. அதனை ஐரோப்பிய அறிஞருலகிற்கு முதன்முதல் அறிவித்தவர் வேட்டைக்காரருமல்லர், செல்வச் சீமானுமல்லர். சபையின் கட்டளைக்கு அடங்கி நடந்த ஒரு வேதபோதகர். அவரே அர்மான் தவீது அடிகளார். அன்னாரது வரலாற்றையும், அவர் கண்ட குரங்கின் வாழ்க்கை முறையையும் நாம் இங்குச் சிறிது ஆராய்வோம்.

பிரான்சு தேசத்தின் தென்மேற்கு மூலையில், பிரனீசு மலையடிவாரத்தில், பாஸ்கு மக்கள் வாழும் எஸ்பெலெத் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1826ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் அடிகளார் பிறந்தார். தந்தையார் ஒரு மருத்துவர். இயற்கைப் பொருள்களில் ஈடுபாடு மிக்கவர். மலையும் காடும் சூழ்ந்த அவ்வூரிலே, செடிகொடிகளையும் பறவைகளையும் உற்றுநோக்கும் வழக்கம் மைந்தர்க்கும் இளமையிலேயே வாய்த்தது. ஆயினும் அவருள்ளம் உலக வாழ்வை நாடவில்லை. 1848ஆம் ஆண்டில், புனித வின்சென்ட் தே பால் நிறுவிய லாசரியர் சபையில் சேர்ந்தார்.

அவரது ஆவல் சீன தேசத்திற்குச் சென்று வேதம் போதிக்க வேண்டுமென்பது. அவ்வாவலை மேலோர்க்குத் தெரிவித்துங்கொண்டார். மேலோரோ அவரை இத்தாலி நாட்டுச் சவோனா நகரிலுள்ள கல்லூரிக்கு அனுப்பி, இயற்கை நூல் கற்பிக்குமாறு பணித்தனர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அப்பணியிலேயே கழிந்தன. தாம் விரும்பியது கிட்டாதபோது மனஞ்சோர்ந்து இருப்பதை விட்டு, கிட்டியதை முழுமனத்தோடு செய்தார் அடிகளார். மாணவரை அழைத்துக்கொண்டு வயலும் கடற்கரையும் சுற்றினார். கல்லூரியில் ஒரு பொருட்காட்சிக் கூடமும் உருவாயிற்று. அவரிடம் பயின்றோருள் ஒருவர் பிற்காலத்தில் செனோவா நகரத்து இயற்கைப் பொருட்காட்சிசாலையை நிறுவிய ஜாக்கோமோ தோரியா; மற்றொருவர் நியூகினித் தீவினை ஆராய்ந்த லூயீஜி தால்பெர்த்திஸ். நல்லாசிரியர் ஒருவர் மூட்டிய தீ எத்துணைத் தூரம் பரவும் என்பதற்கு இஃதொரு சான்று.

1862ஆம் ஆண்டில் அவரது நெடுநாள் விருப்பம் நிறைவேறிற்று. பீக்கிங் நகரத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒரு பள்ளியை உருவாக்குதலும், அதனோடு இயற்கைப் பொருட்காட்சிக் கூடம் ஒன்றை அமைத்தலும் அவர் கடமையாயின. அவர் பாரீசுக்கு அனுப்பிய பொருள்களைக் கண்டு அங்குள்ள பேராசிரியர் வியப்புற்றனர். சீனத்தின் உள்நாடுகளில் அடிகளார் பயணஞ்செய்து ஆராய இசைவளிக்குமாறு சபைத் தலைவரை வேண்டிக்கொண்டனர். தலைவரும் இசைந்தார். இவ்வாறு, சபையின் கட்டளையாலேயே அவர் ஆராய்ச்சித் துறையில் இறங்கினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பீக்கிங்கிற்குத் தெற்கே அரசருக்குரிய வேட்டைப் பூங்கா ஒன்று நெடுமதில் சூழ இருந்தது. அயலார் எவரும் உட்புகலாகாது. 1865ஆம் ஆண்டில் அம்மதிலின் மேலேறி நோக்கிய அடிகளார், அதுவரை ஐரோப்பியர் அறியாத ஒருவகை மான்கூட்டத்தைக் கண்டார். பின்னர் அரிதின் முயன்று அதன் தோலைப் பெற்றுப் பாரீசுக்கு அனுப்பினார். அம்மான் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதன் கதையைப் பின்னரும் கூறுவோம்.

1866ஆம் ஆண்டில் மங்கோலியாவை நோக்கி முதற்பயணஞ் செய்தார். அவ்வறண்ட நிலம் பெரும்பயன் தரவில்லை. 1868ஆம் ஆண்டில் தொடங்கிய இரண்டாம் பயணமே அவர் பெயரை நிலைநிறுத்தியது. யாங்சி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்று, 1869ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிச்சுவான் மாகாணத்திற்கும் திபேத்து மேட்டு நிலத்திற்கும் இடையிலுள்ள மூப்பிங் என்னும் மலைநாட்டை அடைந்தார். அது இக்காலத்தில் பாவோசிங் என்று பெயர்பெறும். அங்கே தெங்சிகோ பள்ளத்தாக்கில், பிரஞ்சு வேதபோதகர் சீன இளைஞரைக் குருத்துவத்திற்குப் பயிற்றும் கல்லூரி ஒன்றை மரத்தாற் கட்டி நடத்திவந்தனர். அக்கல்லூரியே அடிகளாரின் உறைவிடமாயிற்று.

அம்மலைகளின் இயல்பை நாம் அறிதல் வேண்டும். அடிவாரத்தில் மழை மிகுதி. மூங்கிலும் அகன்ற இலை மரங்களும் செறிந்திருக்கும். மேலேறுந்தோறும் ஊசியிலை மரங்களும், அவற்றின்மீது தாடிபோல் தொங்கும் மரப்பாசிகளும் தோன்றும். அதற்கும் மேலே பாறையும் பனியும். ஒரே மலையில் ஒரு பகல் நடைக்குள் பல தட்பவெப்ப நிலைகள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. இவ்வமைப்பே அங்கு உயிர்வகை பெருகியதற்குக் காரணம். அடிகளார் பனியிலும் வழுக்குப் பாறையிலும் ஏறி உயிருக்கு அஞ்சவேண்டிய நிலைக்கும் உள்ளானார். நோயும் அவரை அடிக்கடி வருத்தியது. இருந்தும் மார்ச்சு மாதத்தில், கறுப்பும் வெளுப்புங் கலந்த ஒரு பெரிய விலங்கின் தோலை ஒரு நிலக்கிழார் இல்லத்திற் கண்டு, அதனை உலகிற்கு அறிவித்தார். இன்று உலகச் சிறுவரெல்லாம் அறிந்த பாண்டாக் கரடியே அது.

மே மாதத்தில் அவருடைய வேட்டுவர் வேறொரு புதுமையைக் கொணர்ந்தனர். அவை குரங்குகள், உடல் பருத்தவை, கைகால்கள் வலியவை, வால் நெடியது, முதுகிலே பொன்னிறமான நீண்ட மயிர். முகமோ நீலநிறம், மூக்குத் தண்டு இன்றி, நாசித்துளைகள் மேல்நோக்கித் திறந்திருந்தன. சீன மக்கள் இதனைப் பொன்னிழைக் குரங்கு எனப் பொருள்படும் பெயரால் தொன்றுதொட்டு அழைத்துவந்தனர். ஆதலின் அடிகளார் இதனைக் கண்டுபிடித்தார் என்பது ஐரோப்பியர் நோக்கிற் கூறும் கூற்றேயாகும். அம்மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்ததை உலகறிவோடு இணைத்தவர் அவர் எனலே பொருந்தும். பாரீசு நகரத்து அல்போன்சு மில்ன்-எட்வர்ட்சு என்னும் பேராசிரியர் 1870ஆம் ஆண்டில் இக்குரங்கிற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். துருக்கிச் சுல்தான் சுலைமானின் தேவியாராகிய ரொக்செலானா மேல்நோக்கிய மூக்குடையவர் என்பது மரபு. அவ்வம்மையார் பெயரே இதற்கும் இடப்பட்டது.

வெப்பநாட்டுக்குரியதென எண்ணப்பட்ட இனம் பனிமலையில் எங்ஙனம் உயிர்வாழ்கின்றது? இவ்வினாவிற்கு விடைகாண அடிகளார்க்குக் காலமும் கருவியும் இல்லை. அவர் காலத்திற்குப்பின் வந்த அறிஞர், சிறப்பாகச் சீன நாட்டறிஞர், பல்லாண்டு காட்டில் தங்கி ஆராய்ந்து கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது மயிர்ப்போர்வை. அடர்ந்து நீண்ட மயிர் உடற்சூட்டை வெளிவிடாது காக்கின்றது. மூக்குத் தண்டின்மையும் குளிரால் அவ்வுறுப்புச் சிதையாமைப் பொருட்டு அமைந்ததாகலாம் எனச் சிலர் கருதுவர். அது கருத்தேயன்றி முடிந்த முடிபன்று. ஏனெனில் இதே மூக்கமைப்புடைய உறவினம் ஒன்று வியத்துநாமின் வடபால் வெப்பக் காட்டிலும் வாழ்கின்றது.

இரண்டாவது உணவு. இவ்வினம் இலையுண்ணும் குரங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு நீலகிரிக் கருங்குரங்கும் அக்குடும்பத்ததே. இவற்றின் இரைப்பை ஒரே பையாயிராது, பல அறைகளாய்ப் பகுக்கப்பட்டுள்ளது. அவ்வறைகளில் வாழும் நுண்ணுயிர்கள் இலையின் நாரைப் புளிக்கச்செய்து உணவாக்குகின்றன. ஆதலால், கனியும் தளிரும் அற்ற மாரிக்காலத்தில் மரப்பாசியும், மொட்டும், மரப்பட்டையும் இக்குரங்கிற்குப் போதிய இரையாகின்றன. மரப்பாசியைப் பிற குரங்குகள் பெரிதும் நாடுவதில்லை. இதுவோ அதனையே உயிர்காக்கும் உணவாகக் கொள்கின்றது. இவை குளிர்காலத்தில் உண்ணும் உணவின் ஆற்றல், இளவேனிலில் உண்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்றும், மிகுதியாகக் கொள்வது மாவுப் பொருளும் கொழுப்புமே என்றும் ஓர் ஆராய்ச்சி அளந்து காட்டியுள்ளது. உடலிற் சூடு உண்டாக்க வேண்டிய அளவை அவ்விலங்கு தன் வாயினால் அளந்து கொள்கின்றது போலும்!

மூன்றாவது காலமறிந்து ஒழுகல். ஏறத்தாழ 5,000 அடி முதல் 11,000 அடி உயரம்வரை இவை வாழ்கின்றன; கடுங்குளிரில் சிறிது கீழிறங்கியும், வெப்பம் மிகின் மேலேறியும் மாறுகின்றன. இலையுதிர் காலத்தில் கூடி, ஏறத்தாழ ஏழு திங்கள் கருவைச் சுமந்து, மார்ச்சு முதல் மே வரையில் ஈனுகின்றன. தாய்க்குப் பால் சுரக்கத் தளிர் வேண்டும். குட்டி வளர வெயில் வேண்டும். அடுத்த குளிர் வருமுன் அது மயிர் செறிந்து வலிமை பெறவும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பொருந்தும் பருவம் அதுவே.

நான்காவது கூட்டுவாழ்க்கை. ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என அமைந்த குடும்பங்கள் பல ஒன்றுசேர்ந்து நூற்றுக்கணக்கிற் பெருங்கூட்டமாகத் திரியும். குளிரிரவில் மரக்கிளைகளில் ஒன்றையொன்று நெருங்கித் தழுவி, குட்டிகளை நடுவில் வைத்து உறங்கும். பனியூழிக் காலங்களின் கடுங்குளிரே, தாயர் குட்டிகளை நெடுநாள் பேணுதலையும், குடும்பங்கள் ஒன்றுகூடி வாழ்தலையும் இவ்வினத்தில் வளர்த்திருக்கலாம் என 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகின்றது. குளிர் அவற்றை அழிக்கவில்லை, நெருக்கி ஒன்றுசேர்த்தது.

மூப்பிங் மலையில் அடிகளார் பெற்ற குரங்குவகை இஃதொன்றே அன்று. திபேத்துக் குரங்கு எனப்படும் மற்றொரு வகையும் அவர் அனுப்பிய பொருள்களால் 1870ஆம் ஆண்டிற் பெயர்பெற்றது. அதன் வால் மிகக் குறுகியது. கன்னத்தில் உணவடக்கும் பை உண்டு. பழமும் இலையும் மூங்கிற் குருத்தும் கிடைத்தபடி உண்ணும். குளிர்நாட்டு விலங்கிற்கு வால், செவி முதலியன குறுகுதல் இயல்பென்பது அறிஞர் கொள்கை. சப்பான் நாட்டுக் குரங்கும் குறுவாலுடையதே. அந்நாட்டு ஒன்சூத் தீவின் வடமுனையாகிய சிமொக்கித்தாத் தீபகற்பத்தில் வாழும் அக்குரங்குகளினும் வடக்கே மனிதரல்லாக் குரங்கினம் எதுவும் காட்டில் வாழ்வதில்லை. பொன்னிழைக் குரங்கோ நெடிய வாலோடே பனியை வெல்கின்றது. ஒரே மலையில், ஒரே குளிரை, இருவேறு இனங்கள் இருவேறு வழியால் தாங்குகின்றன. படைப்பின் வழி ஒன்றன்று, பல என்பதை இது நமக்குக் கற்பிக்கின்றது.

அடிகளார் தொடங்கிய பணி மற்றைப் போதகராலும் தொடர்ந்தது. 1897ஆம் ஆண்டில், அதே பேராசிரியர், யூனான் மலைகளில் 13,000 அடிக்கு மேலும் வாழும் கருநிறமான உறவினம் ஒன்றை விவரித்து, திபேத்து எல்லையில் உழைத்த பியே என்னும் ஆயரின் பெயரை அதற்குச் சூட்டினார். மனிதரல்லாக் குரங்கினத்துள் இவ்வளவு உயரத்தில் நிலைத்து வாழ்வது வேறில்லை. இக்குலத்தின் ஐந்தாம் வகை மியன்மா நாட்டில் 2010ஆம் ஆண்டிலேதான் அறிவிக்கப்பட்டது.

நோயுற்ற அடிகளார் 1870ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். எனினும் 1872ஆம் ஆண்டில் மீண்டும் சீனம் சென்று, சின்லிங் மலைத்தொடரையும், பின்னர்ச் சியாங்சி, பூக்கியன் மாகாணங்களையும் சுற்றினார். ஹான் ஆற்றில் ஓடம் விபத்துக்குள்ளாகி, அரிதிற் சேர்த்த பொருள்கள் சில பாழாயின. காய்ச்சலும் களைப்பும் அவர் உடலை முறித்தன. பனிமலைக் குரங்கிற்கு இயற்கை அளித்த தாங்கும் வலிமை அதனைத் தேடிச் சென்ற மனிதர்க்கு இல்லை. 1874ஆம் ஆண்டில் பிரான்சிற்குத் திரும்பியவர் மறுபடியும் சீனத்தைக் காணவில்லை. 1877ஆம் ஆண்டில், உஸ்தாலே என்னும் அறிஞரோடு சேர்ந்து சீனத்துப் பறவைகளைப்பற்றிய பெருநூலை வெளியிட்டார். பாரீசிலுள்ள சபை இல்லத்தில் இளந்துறவியர்க்கு இயற்கை நூல் கற்பித்துக்கொண்டு முதுமையைக் கழித்து, 1900ஆம் ஆண்டு நவம்பரில் இறைவனடி சேர்ந்தார். அவர் சேர்த்த விலங்குவகை 200 என்றும், அவற்றுள் 63 முன்பு அறியப்படாதன என்றும், பறவை 807 வகையுள் 65 புதியன என்றும் பழைய கணக்கொன்று கூறும்.

ஆன்மாக்களைத் தேடச் சென்ற குருவானவர் தோலும் இறகும் தேடி அலைந்தது தகுமோ என்று வினவுவார் உளர். இவ்வினாவை நாம் எளிதில் தள்ளுதற்கில்லை. அடிகளாரும் தம்மை முதலில் வேதபோதகராகவே கருதினார். ஆராய்ச்சி அவர்க்கு இரண்டாவதே. ஆயினும் உயிர்களைக் கூர்ந்தறிதல் அவற்றைப் படைத்தவனைப் போற்றுதலேயாம் என்பது அவர் துணிபு. தம் மேலோர் இட்ட பணியில் அவ்விரண்டும் ஒன்றுபடுவதைக் கண்டார். இவ்விடை நமக்கு நிறைவு தருகின்றது.

மற்றொரு வினா இன்னும் கடியது. அவர் அறிவித்த உயிர்களை வேட்டுவர் கொன்றன்றோ கொணர்ந்தனர்? ஆம், அதனை மறைத்தல் வாய்மையாகாது. அக்காலத்து அறிவுத்துறைக்கு வேறு வழி தெரிந்திலது. ஆனால், அக்காலத்தார் பலர் காணாத ஒன்றை அடிகளார் கண்டார். செல்லும் வழியெங்கும் காடுகள் வெட்டுண்டு வீழ்வதையும், அவற்றோடு எண்ணிறந்த செடியும் விலங்கும் மறைவதையும் கண்டு மனம் நொந்து தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மனிதன் தன் ஒருவன் பயனையே கருதி, இறைவன் அமைத்த உயிர்களை அழித்தொழிப்பது அவர்க்குப் பெருந்துயர் விளைத்தது.

அவர் அஞ்சியது வீண்போகவில்லை. மதிலுக்குள் அவர் கண்ட மான்கள், 1890களில் வெள்ளம் மதிலை இடித்தபோது பெரும்பாலும் அழிந்தன; அவர் இறந்த 1900ஆம் ஆண்டின் கலகத்தில் எஞ்சியனவும் மாண்டன. முன்பே ஐரோப்பாவிற்குக் கொண்டுசெல்லப்பட்ட சில மான்களை இங்கிலாந்தில் பெட்போர்டு கோமகனார் வளர்த்துப் பெருக்கினமையால், 1985ஆம் ஆண்டில் அவ்வினம் தன் பழைய பூங்காவிற்கே திரும்பிற்று. பொன்னிழைக் குரங்கிற்கு அத்தகைய இரண்டாம் வாய்ப்பு எளிதிற் கிட்டாது. பனியைத் தாங்கும் அதன் உடல் கோடரியைத் தாங்கவல்லதன்று. மரப்பாசி இல்லையேல் மாரிக்காலத்தில் அதற்கு இரையில்லை. முதிர்ந்த மரம் இல்லையேல் மரப்பாசியும் இல்லை. அதன் அழகிய தோலுக்காக நிகழ்ந்த வேட்டையும் தொகையைக் குறைத்தது. சீன அரசினர் இதனை முதல்வகைப் பாதுகாப்புக்குரிய விலங்காக விதித்துள்ளனர். 1998ஆம் ஆண்டிற்குப்பின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதலையும் பெரிதும் தடுத்தனர். பாவோசிங் மலைகள் அடங்கிய பாண்டாப் புகலிடங்கள் 2006ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டன. இருந்தும் இக்குரங்கு அழிவுக்கு அஞ்சவேண்டிய இனங்களின் வரிசையிலேயே இன்றளவும் உள்ளது.

குளிரையும் பசியையும் வெல்ல எண்ணற்ற தலைமுறைகளாகக் கற்ற ஓருயிர், மனிதனது சில தலைமுறைப் பேராசைக்கு முன் நிற்க இயலாமை எண்ணத்தக்கது. அடிகளாரைப் போல் மலையேற நம்மால் இயலாதாயினும், நம் கல்லூரிச் சோலையிலும் ஊர்ப்புறத்துக் காட்டிலும் உள்ள உயிர்களைப் பெயரறிந்து போற்றுதல் நமக்கு இயலும். பெயரறியாத பொருள் மறைந்தால் மறைந்ததென்று அறிவாரும் இலர். மாணவராகிய நாம் அப்பணியைச் சிறிதேனும் மேற்கொள்வோமாக.